அப்ரூவர் லாண்டிஸ்

2006 ஜூலை 20. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் பதினேழாவது கட்டம், ஆல்ப்ஸ் மலைகளின் ஊடாக 200 கிலோமீட்டர். அன்று காலை அமெரிக்க வீரர் ஃப்ளாய்ட் லாண்டிஸின் கதை முடிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். முந்தின நாள் லா துஸ்விர் மலையேற்றத்தில், மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சி உடம்பில் இருக்கும்போதே அவர் கால்கள் கைவிட்டுவிட்டன. பத்து நிமிடம் போயிற்று. முதலிடத்தில் இருந்தவர் பதினொன்றாம் இடத்துக்கு இறங்கினார். புதிதாக மஞ்சள் ஜெர்சிக்கு வந்த ஸ்பெயின்காரர் ஒஸ்கார் பெரெய்ரோவைவிட 8 நிமிடம் 8 வினாடி பின்னால். மூன்று வாரப் பந்தயத்தில் அத்தனை தூரம் பின்தங்கிய ஆளை மற்ற அணிகள் கணக்கிலிருந்தே எடுத்துவிடும்.

அன்றைய முதல் மலை கோல் தெ சேஸி. லாண்டிஸ் தன் அணியை முன்னால் அனுப்பி வேகத்தைக் கூட்டச் சொன்னார், பிறகு தனியே கிளம்பிவிட்டார். முடிவுக்கோடு இன்னும் கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர் தள்ளி. சாலைப் பந்தயம் தெரிந்தவர்களுக்கு இது தற்கொலை முயற்சி. கூட்டத்துக்குள் ஓட்டுகிறவனுக்கு முன்னால் போகிறவர்கள் காற்றை வாங்கிக்கொள்கிறார்கள், தனியாகப் போகிறவனுக்கு முழுக் காற்றும் நெஞ்சில். பின்னால் ஐந்தாறு அணிகள் முறைவைத்துத் துரத்தினால் இருபது கிலோமீட்டரில் பிடித்துவிடலாம். ஆனால் யார் துரத்துவது என்று அணிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருந்தன. இவர் தலையில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு, முன்னதாகப் பிரிந்து போயிருந்தவர்களையும் பிடித்துத் தாண்டினார். கொஞ்ச தூரம் ஜெர்மானியர் பாட்ரிக் சிங்கெவிட்ஸ் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தார். (அவரும் அடுத்த வருடமே டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கான ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினார். இந்தக் காலகட்டத்தைப் பற்றி எழுதும்போது எந்தப் பெயரைத் தொட்டாலும் இப்படி ஒரு அடைப்புக்குறி போட வேண்டியிருக்கிறது.) கடைசி மலை ஜூ ப்ளானைத் தனியாக ஏறி, மோர்ஸின் நகரத்துக்குள் வந்தபோது இரண்டாவதாக வந்த கார்லோஸ் சாஸ்த்ரேவைவிட 5 நிமிடம் 42 வினாடி முன்னால். பெரெய்ரோவுடனான இடைவெளி 30 வினாடியாகச் சுருங்கியிருந்தது. இரண்டு நாள் கழித்து, ஒவ்வொருவராகத் தனியே கடிகாரத்தோடு போட்டியிடும் டைம் ட்ரையலில் மஞ்சள் ஜெர்சி திரும்ப வந்தது. ஜூலை 23, பாரிஸில் 57 வினாடி வித்தியாசத்தில் வெற்றி.

அந்தக் கட்டத்தின் ஒளிப்பதிவை இன்றும் இணையத்தில் பார்ப்பேன். பொய் என்று தெரிந்த பிறகும் அலுக்காத விளையாட்டுக் காட்சிகள் சில உண்டு, எனக்கு இது ஒன்று. ஏன் அலுக்கவில்லை என்பதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை.

பாரிஸ் வெற்றிக்கு நான்காவது நாள், ஜூலை 27 அன்று, அவருடைய ஃபோனாக் அணியே அறிவித்தது: பதினேழாம் கட்டத்துக்குப் பின் எடுத்த சிறுநீர் மாதிரி தேறவில்லை. மனித உடம்பில் டெஸ்டோஸ்டிரோனும் எபிடெஸ்டோஸ்டிரோனும் ஏறக்குறைய சம அளவில் இருப்பது இயல்பு. அன்றைய விதி அனுமதித்த உச்ச விகிதம் 4-க்கு 1. லாண்டிஸுடையது 11-க்கு 1. ஆகஸ்ட் 5 அன்று, மறுசோதனைக்கென்று எடுத்துவைத்திருந்த பி மாதிரியும் அதையே சொல்லியது. அணி அவரை வேலையிலிருந்து நீக்கியது, அந்த வருடத்தோடு அணியும் கலைந்தது.

இவரைப் புரிந்துகொள்ள இரண்டு இடங்களுக்குப் போய் வர வேண்டும்.

முதலாவது பென்சில்வேனியா மாநிலம், லான்காஸ்டர் வட்டாரத்தில் ஃபார்மர்ஸ்வில் என்ற சிற்றூர். 1975-ல் அங்கே ஒரு மென்னனைட் குடும்பத்தில் பிறந்தார். மென்னனைட்டுகள் எளிய வாழ்க்கையை வற்புறுத்தும் கிறிஸ்தவப் பிரிவினர். ஆடை அடக்கமாக இருக்க வேண்டும், தொலைக்காட்சி கூடாது, வீண் பெருமை கூடாது. பையனுக்கு சைக்கிள் பித்து பிடித்ததும் தகப்பனாருக்குக் கவலை பிடித்தது. வீட்டு வேலையை அடுக்கிக் கொடுத்தால் சைக்கிளுக்கு நேரம் இருக்காது என்று கணக்குப் போட்டார். பையன் வேலையை எல்லாம் முடித்துவிட்டு ராத்திரியில், நடுங்கும் குளிரில், கிராமத்துச் சாலைகளில் ஓட்டினான். குட்டைக் கால்சட்டை மார்க்கத்துக்கு ஒவ்வாது என்பதால் முழுக் கால்சட்டையோடு பந்தயத்தில் நின்றான். 1993-ல் இளையோர் பிரிவில் மலைச் சைக்கிள் தேசிய சாம்பியன். இருபது வயதில் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பிப் போய்விட்டார். பத்திரிகைகள் பின்னாளில் இந்தக் கதையைக் கரும்பாய்ச் சாறு பிழிந்தன: பண்ணைப் பையன், பக்தியுள்ள வீடு, கள்ளமில்லாத முகம். அவர் பொய்யைப் பலர் நம்பியதற்கு இந்தப் பூர்விகமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இரண்டாவது இடம் யூ.எஸ். போஸ்டல் அணியின் பேருந்து. 2002-ல் லாண்டிஸ் அதில் ஏறினார். அமெரிக்கத் தபால் துறை பணம் கொடுத்து நடத்திய அணி, தலைவர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், மேலாளர் பெல்ஜியம்காரர் யோஹான் ப்ரூனீல். லாண்டிஸின் வேலை துணை வீரர் வேலை. தலைவருக்குக் காற்று மறைப்பது, தண்ணீர் பாட்டில் கொண்டுவருவது, மலையடிவாரம் வரை வேகத்தை இழுத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்குவது. 2002, 2003, 2004 என மூன்று டூர்களில் ஆம்ஸ்ட்ராங்குக்காக உழைத்தார். 2003 தொடக்கத்தில் பயிற்சியின்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ரத்த ஓட்டம் நின்று அந்த எலும்பு மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருந்தது. அந்த இடுப்போடுதான் 2006 வரை ஓட்டினார். டூர் முடிந்த செப்டம்பரில்தான் அறுவை சிகிச்சை. இந்த ஒன்றில் மட்டும் யாரும் அவரைச் சந்தேகித்ததில்லை.

2005-ல் தனக்கென ஒரு தலைமை வேண்டுமென்று ஃபோனாக் அணிக்குப் போனார். 2006 அவருக்கு விளைந்த வருடம்: கலிஃபோர்னியா சுற்று, பாரிஸ்-நீஸ், ஜார்ஜியா சுற்று மூன்றிலும் வெற்றி. ஆம்ஸ்ட்ராங் ஓய்வு பெற்றிருந்தார். ஸ்ட்ராஸ்பூர்கில் டூர் தொடங்குவதற்கு முந்தின நாள், ஸ்பெயினில், வீரர்களின் ரத்தத்தை முன்கூட்டியே எடுத்துவைத்துப் பந்தயத்தின்போது தெம்புக்காகத் திரும்ப ஏற்றிய ஒரு மருத்துவரின் ரத்தப் பை சேமிப்பு பிடிபட்ட விவகாரத்தில் பெயர் அடிபட்ட இவான் பாஸோ, யான் உல்ரிச், மான்செபோ மூவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வினோகுரோவின் மேல் புகார் இல்லை, ஆனால் அவருடைய அணியில் ஐந்து பேர் அடிபட்டுப் போனதால் அணியே களமிறங்க முடியவில்லை. முந்தின வருடம் பாரிஸில் முதல் ஐந்து இடத்தில் வந்த ஐந்து பேரில் ஒருவர்கூட இல்லாமல் தொடங்கிய டூர் அது. சுத்தமான டூர் என்று அதை விளம்பரம் வேறு செய்தார்கள்.

இப்போது ஜூலை 27-க்குத் திரும்பலாம். மாட்டிக்கொண்ட மனிதர் முதலில் எடுத்துவிட்ட விளக்கங்கள் ஒரு தனி ரகம். முந்தின ராத்திரி தோல்வித் துக்கத்தில் விஸ்கி குடித்தேன். இடுப்பு வலிக்குக் கார்ட்டிசோன் போட்டிருந்தேன். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். என் உடம்பிலேயே அது இயற்கையாக அதிகம். ஒன்று பலிக்காவிட்டால் இன்னொன்று. பத்திரிகையாளர் ஒருவர் நேரடியாக, எப்போதாவது ஊக்கமருந்து எடுத்ததுண்டா என்று கேட்டதற்கு, இல்லை என்று சொல்லிவைக்கிறேன் என்ற மாதிரி ஒரு பதில் வந்தது. எடுக்காதவன் சொல்கிற பதிலா அது என்று அன்றைக்கே கேட்டவர்கள் உண்டு.

ஆனால் கேட்காதவர்கள் அதிகம். அடுத்த மாதங்களில் லாண்டிஸ் தரப்பு ஒரு பெரிய இயக்கத்தையே நடத்தியது. ஃபிரான்ஸில் ஷாத்தெனே-மலாப்ரி ஆய்வகத்தின் ஆவணங்களை இணையத்தில் ஏற்றி, ஓட்டைகளைக் கண்டுபிடியுங்கள் என்று ரசிகர்களை அழைத்தார்கள். மாதிரி எண் தப்பாக எழுதப்பட்டிருக்கிறது, இந்த இடத்தில் வெள்ளை மை, அந்த வரைபடத்தில் கோளாறு என்று பொறியாளர்களும் வேதியியல்காரர்களும் இரவு பகலாக அலசினார்கள். ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, வழக்குச் செலவுக்கு நிதி திரட்டினார்கள். தான் நிரபராதி என்று ஒரு புத்தகமும் எழுதினார். சாதாரண சைக்கிள் ரசிகர்கள் இருபது டாலர், ஐம்பது டாலர் என்று கொடுத்தார்கள். எனக்கு இந்தக் கதையில் மன்னிக்க முடியாத பகுதி இதுதான். ஊசி போட்டுக்கொண்டது அந்தக் காலத்துத் தொழில் வழக்கம், கூட்டத்தோடு கூட்டமாகச் செய்தது. உண்டியல் குலுக்கியது அவர் தனியாக எடுத்த முடிவு.

2007 மே மாதம் கலிஃபோர்னியாவில் பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில் நடுவர் விசாரணை நடந்தது. அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான யூசாடா ஒரு பக்கம், லாண்டிஸ் மறுபக்கம். ஒன்பது நாட்களில் பெரும்பகுதி வேதியியல் வகுப்பாகவே ஓடியது. நடுவில் ஒரு நாள் மட்டும் யாருக்கும் மறக்கவில்லை.

அன்று சாட்சி கிரெக் லெமாண்ட். 1986, 1989, 1990 என மூன்று முறை டூரை வென்ற அமெரிக்கர். 2006 ஆகஸ்டில், பி மாதிரி முடிவு வந்த கையோடு, லாண்டிஸுடன் அவர் தொலைபேசியில் பேசியிருந்தார். சிறுவயதில் தனக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமையைப் பற்றி அப்போது சொல்லியிருந்தார். அதை வருடக்கணக்கில் மறைத்துவைத்தது தன்னை எப்படி அரித்தது என்று சொல்லி, நீயும் மனதில் பூட்டி வைக்காதே, உண்மையைச் சொல்லிவிடு என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒப்புக்கொண்டு என்ன நன்மை, நண்பர்கள் பலர் அழிந்துபோவார்கள் என்று லாண்டிஸ் பதில் சொன்னதாக லெமாண்டின் சாட்சியம். அந்தச் சாட்சியத்துக்கு முந்தின மாலை லெமாண்டுக்கு ஒரு அழைப்பு வந்தது. எதிர்முனையில் இருந்தவர் அந்தக் கொடுமையைச் செய்த ஆள் போலப் பேசி மிரட்டினார். எண்ணைத் தேடிப் பார்த்தால் லாண்டிஸின் மேலாளர். அந்த ரகசியம் மேலாளருக்கு எப்படிப் போனது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லெமாண்ட் இதை விசாரணை அறையில் சொல்லி முடித்ததும், மேலாளரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டோம் என்று லாண்டிஸின் வழக்கறிஞர் அங்கேயே அறிவித்தார்.

வேதியியல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அன்றோடு லாண்டிஸ் தோற்றுவிட்டார் என்பேன். சட்டப்படி தோற்றது செப்டம்பரில், இரண்டுக்கு ஒன்று என்ற தீர்ப்பில். முதல் விகிதச் சோதனையை ஆய்வகம் ஒழுங்காகச் செய்யவில்லை என்பதை நடுவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆய்வகத்துக்கு நல்ல குட்டு. ஆனால் கார்பன் ஐசோடோப்பு சோதனை நின்றது. உடம்பு தானாக உண்டாக்கும் டெஸ்டோஸ்டிரோனில் உள்ள கார்பனுக்கும், தாவரப் பொருளிலிருந்து தொழிற்சாலையில் செய்த டெஸ்டோஸ்டிரோனில் உள்ள கார்பனுக்கும் ஐசோடோப்பு அளவில் வித்தியாசம் உண்டு. விஸ்கியோ தைராய்டு மாத்திரையோ அந்த வித்தியாசத்தை உண்டாக்காது. லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போனார். 2008 ஜூனில் அங்கே ஒருமனதாகத் தள்ளுபடி செய்து, எதிர்த்தரப்புச் செலவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டவும் சொன்னார்கள். ஊக்கமருந்துக்காகப் பட்டம் பறிக்கப்பட்ட முதல் டூர் வெற்றியாளர் ஆனார். 1904-ல் மோரிஸ் காரனிடமிருந்து பறித்தார்கள், அது வேறு மாதிரித் திருட்டு. 2006-ன் பட்டம் பெரெய்ரோவுக்குப் போனது. பதின்மூன்றாம் கட்டத்தில், இவன் ஆபத்தில்லாத ஆள் என்று எல்லாரும் கண்டுகொள்ளாமல் விட்டதால் முப்பது நிமிடம் லாபம் பார்த்தவர் பெரெய்ரோ. டூர் வரலாற்றில் அதிர்ஷ்டத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இரண்டு வருடத் தடை 2009 ஜனவரியில் முடிந்தது. திரும்பி வந்தார். சின்ன அணிகள், சின்னப் பந்தயங்கள். அதே வருடம் ஆம்ஸ்ட்ராங்கும் ஓய்விலிருந்து திரும்பி, டூரில் மூன்றாமிடம் பிடித்து, உலகம் முழுக்கப் புகழ் பாட ஓட்டிக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே பேருந்தில் ஒரே வேலையைச் செய்தவர்கள். ஒருவர் மேடையில், இன்னொருவர் தெருவில். 2010 கலிஃபோர்னியா சுற்றுக்கு, நான்கு வருடத்துக்கு முன் லாண்டிஸ் வென்ற அதே பந்தயத்துக்கு, அவருடைய அணியை அழைக்கவில்லை.

2010 ஏப்ரல் இறுதியில் அமெரிக்க சைக்கிள் சங்கத் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் போனது. லாண்டிஸ் வருடவாரியாக எழுதியிருந்தார். 2002-ல் ப்ரூனீல் டெஸ்டோஸ்டிரோன் ஒட்டுப்பட்டை பற்றிச் சொல்லிக்கொடுத்தது, பட்டைகளை ஆம்ஸ்ட்ராங்கே கையில் கொடுத்தது. ஸ்பெயினில் ஜிரோனா நகரத்தில் ஆம்ஸ்ட்ராங்கின் அடுக்குமாடி வீட்டில் ரத்தப் பைகளை வைத்திருந்த குளிர்பெட்டியின் வெப்பநிலை ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளத் தன்னை அங்கே தங்கவைத்தது. 2004 டூரில் மலைச் சாலையில் பேருந்து பழுதானதுபோல் நிறுத்திவைத்து, உள்ளே வீரர்களுக்கு ரத்தம் ஏற்றியது. ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் இ.பி.ஓ., வளர்ச்சி ஹார்மோன், எல்லாமே. தன்னையும் அந்தப் பட்டியலில் முதலில் வைத்துக்கொண்டார்.

மே 20 அன்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அதை வெளியிட்டது. கலிஃபோர்னியா சுற்று அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. காலையில் அணிப் பேருந்துக்கு அருகே நின்று ஆம்ஸ்ட்ராங் பதில் சொன்னார்: அவர் சொல்லுக்கு எதிராக எங்கள் சொல், எங்கள் சொல்லே எங்களுக்குப் பிடித்திருக்கிறது. அன்றைய பந்தயத்திலேயே விழுந்து அடிபட்டு விலகியும் போனார், அது தற்செயல். அவருடைய வாதம் எளிமையானது. நான்கு வருடம் பொய் சொல்லி, பணம் திரட்டி, புத்தகம் எழுதின ஆள் இன்று சொல்வதை எப்படி நம்புவீர்கள்? சர்வதேச சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ.யின் தலைமையும் இதே பாட்டைப் பாடியது. பின்னர் சுவிட்சர்லாந்தில் லாண்டிஸ் மேல் அவதூறு வழக்கும் போட்டு ஜெயித்தது.

நம் ஊர் நீதிமன்றச் செய்தி படித்தவர்களுக்கு இது பழகின காட்சி. கூட்டாளிகளில் ஒருவன் அப்ரூவராக மாறினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தொடுவது அவன் யோக்கியதையைத்தான். கேட்கச் சரியாகவும் இருக்கும். ஆனால் சைக்கிள் உலகத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு பழைய வரலாறு இருந்தது. அதைச் சொல்லாமல் லாண்டிஸை எடைபோட முடியாது.

ஏனென்றால் கை சுத்தமானவர்களும் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அணியில் மசாஜ் செய்பவராக வேலை பார்த்த எம்மா ஓ'ரைலி என்ற அயர்லாந்துப் பெண், தான் கண்ணால் பார்த்ததைப் பத்திரிகையாளர் டேவிட் வால்ஷிடம் சொன்னார், 2004-ல் அது புத்தகமாக வந்தது. அவர் மேல் வழக்குப் போட்டு, பேரைக் கெடுத்தார்கள். முன்னாள் அணி வீரர் ஃப்ராங்கி ஆண்ட்ரூவின் மனைவி பெட்ஸி, 1996-ல் புற்றுநோய் சிகிச்சையின்போது ஆம்ஸ்ட்ராங் மருத்துவரிடம் என்னென்ன மருந்து எடுத்தேன் என்று சொன்னதைக் காதால் கேட்டதாகச் சத்தியம் செய்து சாட்சி சொன்னார். பொறாமை பிடித்தவள், பைத்தியம் என்றார்கள். லெமாண்ட் 2001-லேயே ஆம்ஸ்ட்ராங்கின் இத்தாலிய மருத்துவரைப் பற்றிக் கேள்வி கேட்டார். அவரை மன்னிப்பு அறிக்கை விடவைத்தார்கள், கசப்பான கிழவர் என்றார்கள். ஆக, சுத்தமானவர் சொன்னால் பொறாமை, அழுக்கானவர் சொன்னால் பொய்யன். சாட்சியின் குணத்தைப் பற்றிக் கவலைப்பட்டதாகச் சொன்னவர்களுக்கு எந்தக் குணமும் போதுமானதாக இருந்திருக்காது.

லாண்டிஸிடம் இருந்தது, மற்றவர்களிடம் இல்லாதது, இரண்டு. ஒன்று, அவர் அறைக்குள் இருந்தவர். எந்த ஊர், எந்த விடுதி, யார் யார் கையில் ஊசி ஏறியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அப்படிச் சொன்ன ஒவ்வொன்றையும் இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்க்கலாம். பாம்பின் கால் பாம்பறியும். இரண்டாவது, அவரிடமிருந்து பிடுங்க எதுவும் மிச்சமில்லை. வழக்குப் போட்டு மிரட்டினால் இழக்க வீடு இல்லை, ஒப்பந்தம் இல்லை, நற்பெயர் அறவே இல்லை. அந்த அணியைவிட்டு வந்த வேறு யாருக்கும் இந்த வசதி இருக்கவில்லை.

பழி வாங்கத்தானே செய்தார் என்றால், ஆமாம், அதுவும் இருந்திருக்கும். காசுக்காகத்தானே என்றால், அதுவும்தான். 2010-லேயே அவர் இன்னொரு காரியமும் செய்தார். அமெரிக்காவில் 1863-ல், உள்நாட்டுப் போர்க்காலத்தில், ராணுவத்துக்கு மட்டமான சரக்கை விற்று அரசை ஏமாற்றிய வியாபாரிகளைப் பிடிக்க ஒரு சட்டம் போட்டார்கள். அரசை ஏமாற்றியவர்கள் மேல் அரசின் சார்பில் ஒரு தனிமனிதர் வழக்குப் போடலாம், வசூலில் அவருக்குப் பங்கு உண்டு. திருட்டில் பங்குள்ளவனே வந்து சொல்ல வேண்டும் என்பதற்காகவே அந்தப் பங்கை வைத்தார்கள். உத்தமர்களை மட்டும் நம்பி மோசடியைப் பிடிக்க முடியாது என்று நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே தெரிந்துவைத்திருந்த சட்டம் அது. தபால் துறை அரசுத் துறை. அணிக்கு அது கொடுத்தது 3 கோடி டாலருக்கும் மேல். மருந்து எடுக்க மாட்டோம் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தது. லாண்டிஸ் அந்தச் சட்டத்தின் கீழ் ரகசியமாக வழக்குப் பதிந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கூட்டாட்சி விசாரணை அதிகாரிகள் பழைய வீரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். சத்தியப்பிரமாணம் செய்துவிட்டுப் பொய் சொன்னால் சிறை. பத்திரிகைக்காரர்களிடம் பத்து வருடம் பொய் சொன்னவர்கள் அங்கே உண்மையைச் சொன்னார்கள். குற்ற விசாரணை 2012 பிப்ரவரியில் கைவிடப்பட்டாலும் யூசாடா விடவில்லை. அந்த அக்டோபரில் வெளிவந்த ஆவணங்கள் ஆயிரம் பக்கத்துக்கும் மேல். சாட்சிகள் 26 பேர், அதில் 11 பேர் ஆம்ஸ்ட்ராங்கோடு ஒரே அணியில் ஓட்டியவர்கள். ஜிரோனாவும் பேருந்தும் பட்டைகளும் அதில் மற்றவர்கள் வாயாலும் வந்தன. ஏழு டூர் பட்டங்களும் போயின. 2013 ஜனவரியில் ஆம்ஸ்ட்ராங் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். அடுத்த மாதம் அமெரிக்க அரசு லாண்டிஸின் வழக்கில் தானும் சேர்ந்துகொண்டது.

சாட்சி சொன்னவர்களில் அப்போதும் பந்தயத்தில் இருந்தவர்களுக்கு ஆறு மாதத் தடை. செப்டம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிந்தது, பாதிக்கும் மேல் பந்தயமே இல்லாத குளிர்காலம். தைரியசாலிகள் என்று அவர்களைப் பாராட்டினார்கள். முதலில் சொன்னவருக்கு அந்தப் பாராட்டு கிடைக்கவில்லை. அதே 2012 ஆகஸ்டில் லாண்டிஸ், நிதி திரட்டிய மோசடிக்காகக் குற்ற வழக்கைத் தவிர்க்க அரசோடு உடன்பாடு செய்துகொண்டார். 1,765 நன்கொடையாளர்களுக்கு 4,78,354 டாலர் திருப்பித் தர வேண்டும். அதற்கு முந்தின வருடம், ஆய்வகக் கணினியிலிருந்து திருடப்பட்ட ஆவணங்களைப் பயன்படுத்தியதற்காக ஃபிரெஞ்சு நீதிமன்றம் அவருக்கும் அவருடைய பயிற்சியாளருக்கும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்திருந்தது. அந்தத் தண்டனைகள் இரண்டும் நியாயமானவை என்றே நினைக்கிறேன். உண்மை சொன்னதற்காகப் பழைய பாக்கி தள்ளுபடி ஆகிவிடாது. அதேபோல் பழைய பாக்கி இருக்கிறது என்பதற்காகச் சொன்ன உண்மையும் தள்ளுபடி ஆகாது. இந்த இரண்டாவதை ஏற்கப் பலருக்கு மனம் வரவில்லை. லெமாண்டுக்கு வந்த அந்தத் தொலைபேசி அழைப்பை நினைத்தால் அவர்கள் கோபமும் எனக்குப் புரிகிறது.

தபால் துறை வழக்கு 2018 ஏப்ரலில் சமரசத்தில் முடிந்தது. மூன்று மடங்கு இழப்பீடு என்றால் கிட்டத்தட்ட 10 கோடி டாலர் கட்ட வேண்டியிருந்திருக்கும், ஆம்ஸ்ட்ராங் 50 லட்சத்தோடு தப்பினார். அதில் லாண்டிஸின் பங்கு 11 லட்சம். வழக்கறிஞர் செலவுக்கு ஆம்ஸ்ட்ராங் தனியாக 16.5 லட்சம் கொடுத்தார். இதற்குள் லாண்டிஸ் கொலராடோவில், மூவாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் லெட்வில் ஊரின் பெயரில், கஞ்சாப் பொருட்கள் விற்கும் கடை தொடங்கியிருந்தார். இடுப்பு வலிக்கு வருடக்கணக்கில் அபின் வகை மாத்திரைகளில் சிக்கிக் கிடந்தவர், அதிலிருந்து மீண்டது கஞ்சாவால் என்கிறார். சமரசப் பணத்தைக் கொண்டு 2019-ல் கனடாவில் பதிவுசெய்த ஒரு சின்னத் தொழில்முறை சைக்கிள் அணியை நடத்தினார். ஆம்ஸ்ட்ராங்கின் காசில் இளைஞர்கள் பந்தயம் ஓட்டினார்கள். அது ஒரு வருடத்துக்குமேல் நீடிக்கவில்லை.

ஒரு முடிச்சு மட்டும் அவிழாமல் கிடக்கிறது. 2010-ல் எல்லாவற்றையும் கொட்டியபோதும் ஒன்றை மட்டும் லாண்டிஸ் ஒப்புக்கொள்ளவில்லை. 2006 டூரில் ரத்தம் ஏற்றினேன், வளர்ச்சி ஹார்மோன் போட்டேன், ஆனால் டெஸ்டோஸ்டிரோன் எடுக்கவில்லை, ஆய்வகம் தவறு என்றார். அதாவது, செய்த குற்றங்களுக்கு மாட்டாமல் செய்யாத குற்றத்துக்கு மாட்டினேன் என்று. மற்றதை எல்லாம் ஒப்புக்கொண்டவர் இதில் மட்டும் ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு, நல்ல கேள்வி. வளர்ப்புக் கால்நடைபோல மருந்தேற்றிய உடம்பில், முன்பு எடுத்து வைத்த ரத்தப் பையோடு பழைய டெஸ்டோஸ்டிரோனும் திரும்ப உள்ளே வந்திருக்கலாம் என்று ஊகித்தவர்களும் உண்டு. எனக்கு அதைத் தீர்மானிக்கும் வேதியியல் தெரியாது. ஆனால் 2007-ல் அதே டூரின் வேறு சில நாட்களின் மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோதும் செயற்கை டெஸ்டோஸ்டிரோன் இருந்ததாகவே செய்தி வந்தது. ஜிரோனா குளிர்பெட்டியைப் பற்றி லாண்டிஸ் சொன்னதைச் சரிபார்க்க மற்ற வீரர்கள் இருந்தார்கள். இதற்கு அப்படி ஒரு இரண்டாவது ஆள் கிடையாது, ஐசோடோப்பு எண் ஒன்றுதான் இருக்கிறது. நான் எண்ணின் பக்கம்.